புங்கனூர்ப் பசுவின் மடிக்குள்ளே

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் சாலை வழியாகச் செல்வோர், சித்தூரைக் கடந்து மேட்டுநிலத்தில் ஏறியவுடன், காற்று சற்றே குளிர்ந்து வீசுவதை உணர்வர். அங்கே, கடல்மட்டத்திற்கு 2,200 அடிக்குச் சற்று மேலான உயரத்தில் அமைந்திருக்கும் ஊர் பலமனேர். 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரையில் இவ்வூர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் எல்லைப்புறம் அது. நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்கு, ஊருக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்திக் காப்பி அருந்திய இடமாகவே அது நினைவிருக்கும்.

அவ்வூரில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கின்றது. திருப்பதியில் 2005-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது அது. அதன் கொட்டில்களில் நிற்கும் பசுக்களை முதன்முறை பார்ப்பவர் அவற்றைக் கன்றுகள் என்றே கருதுவர். வளர்ந்த பசுவின் உயரம் 70 முதல் 90 சென்டிமீட்டர். எடை 115 முதல் 200 கிலோகிராம். திமில் உண்டு, தாடி உண்டு, வால் நிலத்தைத் தொடும். பலமனேருக்கு வடமேற்கே உள்ள பழைய ஜமீன் ஊராகிய புங்கனூரின் பெயரால் வழங்கும் இனம் இது. ஒரு காலத்தில் அந்த வட்டாரத்து வறண்ட புன்செய்க் காட்டில் ஏரும் இழுத்து, வீட்டுக்குப் பாலும் கொடுத்து வந்தது. பின்பு கலப்பினக் கறவைகள் வந்தன. புங்கனூர்ப் பசு அழியும் நிலைக்கு வந்து, பலமனேர் நிலையத்தின் சிறு மந்தையே அதன் புகலிடம் என்னும்படி ஆயிற்று.

2024-ஆம் ஆண்டு சங்கராந்தி நாளில் இந்தியப் பிரதமர் தம் இல்லத்தில் இப்பசுக்களுக்குத் தீவனம் கொடுக்கும் படங்கள் வெளிவந்தன. அதன் பிறகு இவற்றைத் தேடுவோர் பெருகினர். கூடவே கதைகளும் பெருகின. இதன் பாலில் பொன் கலந்திருக்கின்றது என்பது ஒன்று. திமிலில் ஒரு நாடி இருந்து சூரிய ஒளியைப் பொன்னாக மாற்றுகின்றது என்பது மற்றொன்று. இது ‘ஏ-2’ பால், ஆதலால் எல்லா நோய்க்கும் மருந்து என்பது மூன்றாவது. இம்மூன்றும் கைப்பேசி வழியே கடல்தாண்டி நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. அயல்நாட்டுக் கடைகளில் ‘ஏ-2’ என்று அச்சிட்ட பால் பெட்டிக்கு நம்மவர் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதையும் காண்கின்றோம். இவற்றில் மெய் எவ்வளவு என்பதை அறிய ஒரே வழிதான் உண்டு. பசுவின் மடிக்குள் சென்று, பால் எவ்வாறு உண்டாகின்றது என்று பார்த்துவிட வேண்டும்.

மடி என்பது பாலை நிரப்பி வைத்த பை அன்று. அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் கோடிக்கணக்கில் திராட்சைக் குலை போல் அடர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குமிழின் உட்சுவரும் ஒரே வரிசையாக அடுக்கிய உயிரணுக்களால் ஆனது. அவ்வுயிரணுவின் ஒரு பக்கம் இரத்தக் குழாய். மறுபக்கம் பால் வடியும் வெளி. இரத்தத்திலிருந்து சரக்கை வாங்கி, உள்ளே உருமாற்றி, மறுபக்கம் பாலாக வெளியேற்றுவதே அதன் தொழில். ஒரு லிட்டர் பால் உண்டாக வேண்டுமானால் 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடியின் வழியே ஓடியாக வேண்டும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். கறவையின் களைப்பை அறிந்து பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஊட்டிய நம் பாட்டிமாருக்கு இந்த எண் வியப்பைத் தந்திராது.

சரக்கு எங்கிருந்து வருகின்றது? புல்லைப் பசு தானே செரிப்பதில்லை. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லின் நாரை நொதிக்கச் செய்து சிறு அமிலங்களாக்குகின்றன. அவற்றுள் அசிட்டிக் அமிலம் என்பது நம் சமையலறை வினிகரில் இருப்பதே. அது இரத்தத்தின் வழியே மடியை அடைந்து, அங்கே இரண்டிரண்டு கரியணுக்களாகக் கோக்கப்பட்டுக் கொழுப்பு அமிலமாகின்றது. பாற்கொழுப்பில் ஏறக்குறையப் பாதி இவ்வாறு மடியிலேயே ஆக்கப்படுவது. எஞ்சியது இரத்தத்திலிருந்து ஆயத்தமாக எடுத்துக்கொள்ளப்படுவது. புரோப்பியானிக் அமிலம் என்னும் மற்றொன்று ஈரலுக்குச் சென்று குளுகோஸ் ஆகி, பிறகு மடிக்கு வருகின்றது.

அந்தக் குளுகோஸில் ஒரு பகுதி காலக்டோஸ் என்னும் வேறொரு சர்க்கரையாக மாற்றப்படுகின்றது. காலக்டோஸையும் குளுகோஸையும் இணைத்தால் பாற்சர்க்கரை, அஃதாவது லாக்டோஸ். இந்த இணைப்பைச் செய்யும் நொதி, உயிரணுவினுள் கோல்கி என்னும் தட்டடுக்கில் இருக்கின்றது. இத்தாலிய அறிஞர் கமில்லோ கோல்கி 1898-இல் கண்டறிந்து விளக்கிய உறுப்பு அது. உயிரணுவில் உருவாகும் பொருள்களைப் பிரித்துக் கட்டி அனுப்பும் அஞ்சலகம் என்று அதைச் சொல்லலாம். ஆனால் அந்த நொதி தனியே இருந்தால் இவ்வேலையைச் செவ்வனே செய்யாது. ஆல்பா-லாக்டால்புமின் என்னும் புரதம் அதன் தோளில் கைபோட்டு நின்றால்தான் செய்யும். அந்தப் புரதமோ பால்மடியில் மட்டும் உருவாவது. நம் தசையிலும் ஈரலிலும் பாற்சர்க்கரை உண்டாகாததன் காரணம் இதுவே.

இங்கே ஒரு நுட்பம் இருக்கின்றது. கோல்கிப் பைகளுக்குள் அடைபட்ட லாக்டோஸ் வெளியே கசிய முடியாது. சர்க்கரை செறிந்த இடத்தை நோக்கி நீர் தானே இழுபடும். மாங்காயில் உப்பைப் பிசிறினால் நீர் விடுவது இந்த முறையினால்தான். ஆகவே எவ்வளவு லாக்டோஸ் உருவாகின்றதோ அவ்வளவு நீர் பாலில் சேரும். பாலின் அளவை நிர்ணயிப்பது லாக்டோஸே! 1994-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், ஆல்பா-லாக்டால்புமின் மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினர். அவற்றின் பாலில் லாக்டோஸ் இல்லை. நீர் சேராமல் பால் பசை போல் இறுகியது. குட்டிகளால் அதை உறிஞ்ச இயலவில்லை.

புங்கனூர்ப் பசுவின் சிறப்பாகச் சொல்லப்படும் கொழுப்பு மிகுதியை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து லிட்டர் வரை கறக்கும் என்பர். கொழுப்பு 8 விழுக்காடு என்பது பரவலாக வழங்கும் எண். சாதாரணப் பசும்பாலில் அது 3 முதல் 4 விழுக்காடு. ஒரு ஹோல்ஸ்டீன் பசு இருபது லிட்டருக்கு மேல் கறக்கும். அங்கே பேரளவில் உண்டாகும் லாக்டோஸ் பேரளவில் நீரை இழுக்க, கொழுப்பு அத்தனை நீரில் பரவி நிற்கின்றது. இங்கே நீர் குறைவு, பால் திரட்சி. விகிதம் பெரிது என்பதனால் மொத்தக் கொழுப்பும் பெரிது என்று எண்ணிவிடலாகாது. நான்கு லிட்டரில் எட்டு விழுக்காடு என்றால் 320 கிராம்; இருபது லிட்டரில் மூன்றரை விழுக்காடு என்றால் 700 கிராம். ஆனால் முன்னதற்குத் தீனி ஒரு கை. பின்னதற்கு ஒரு வண்டி. வறட்சி வந்தால் எந்தப் பசு வீட்டைக் காக்கும் என்பதைப் புன்செய் விவசாயியே சொல்லட்டும்.

பொன்னைப் பற்றிய செய்தி ஒரு வரியில் முடிவது. உயிரணு பொருள்களை இணைக்கும், பிரிக்கும், உருமாற்றும். ஆனால் ஒரு தனிமத்தை வேறொரு தனிமமாக்கும் ஆற்றல் எந்த உயிரணுவுக்கும் இல்லை. பசும்பாலின் பொன்னிறம் கேரட்டில் உள்ள அதே கரோட்டின் நிறமி. பசு தான் மேய்ந்த பச்சையிலிருந்து அதைப் பெற்று, ஒரு பகுதியை மாற்றாமல் அப்படியே கொழுப்பில் விட்டுவிடுகின்றது. எருமையோ அதை வைட்டமின்-ஏ ஆக்கிவிடுவதால் அதன் பாலும் வெண்ணெயும் வெள்ளையாக இருக்கின்றன. கொழுப்பு மிகுந்து, பச்சையும் மேய்ந்த பசுவின் நெய் மஞ்சளாக இருப்பதில் மாயம் ஏதும் இல்லை.

இனி ‘ஏ-2’. இதற்குப் பாலின் புரதத்தை அறிய வேண்டும். பசுவின் ஒவ்வோர் உயிரணுவிலும் 60 குரோமோசோம்கள் உள. 2009-இல் ஹெர்போர்டு இனப் பசு ஒன்றின் மரபுத்தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டபோது, ஏறக்குறைய 22,000 மரபணுக்கள் உள்ளமை தெரிந்தது. அவை அத்தனையும் கொம்பின் வேரிலும் உண்டு, குளம்பின் அடியிலும் உண்டு. மடியின் உயிரணுவில் மட்டும் பால் உண்டாவது ஏன்? கன்று ஈனும் காலத்தில் புரோலாக்டின் முதலிய ஹார்மோன்கள் வந்து கதவைத் தட்ட, பாலுக்குரிய மரபணுக்கள் அங்கே விழிக்கின்றன, மற்றவை உறங்குகின்றன. உறங்குகின்றனவேயன்றி இறந்துபோகவில்லை. 1996-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த டாலி என்னும் ஆடு, ஒரு முதிர்ந்த ஆட்டின் மடி உயிரணுவினின்றே உருவாக்கப்பட்டதன்றோ?

கேசீன் எனப்படும் பாற்புரதங்கள் நான்கு வகை. அவற்றின் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் அடுத்தடுத்துக் குடியிருக்கின்றன. அவற்றுள் பீட்டா-கேசீனின் மரபணு விழித்ததும், டி.என்.ஏ.யில் எழுதியது ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுக்கப்படுகின்றது. அப்படி உட்கருவை விட்டு வெளியே வர, ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மும்மைக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோத்துச் சரம் தொடுக்கின்றது. முதல் பதினைந்தும் முகவரிச் சீட்டுப் போன்றவை. ‘இது வெளியே அனுப்ப வேண்டிய சரக்கு’ என்று காட்டி, வேலை முடிந்ததும் வெட்டி எறியப்படுகின்றன. எஞ்சிய 209 அமினோ அமிலங்களே பீட்டா-கேசீன். கோல்கியில் அதற்குப் பாஸ்பேட்டுகள் பூட்டப்படுகின்றன. அவை கால்சியத்தைப் பற்றிக்கொள்ள, ஆயிரக்கணக்கான கேசீன்கள் திரண்டு ஓர் உருண்டையாகின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறிட்டால் வரும் ஒன்றிரண்டு கூறே அதன் குறுக்களவு. பால் வெண்மையாகத் தோன்றுவதும், கன்றின் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பு பாலில் அடியில் தங்காமல் மிதப்பதும் இந்த உருண்டைகளினால்தான். நாம் இரவில் உறைமோர் ஊற்றும்போது, நுண்ணுயிர்கள் லாக்டோஸை லாக்டிக் அமிலமாக்குகின்றன. புளிப்பு ஏற ஏறக் கால்சியம் விலகுகின்றது. ஒன்றையொன்று தள்ளி நின்ற உருண்டைகள் கைகோத்துத் தயிராகின்றன.

அந்த 209-இல் 67-ஆம் இடத்தில் புரோலீன் என்னும் அமினோ அமிலம் இருந்தால் அது ஏ-2. அங்கே ஹிஸ்டிடீன் இருந்தால் ஏ-1. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு இது. திமிலுள்ள நம் நாட்டு மாடுகள் பெரும்பாலும் ஏ-2 வகை. ஐரோப்பிய இனங்களில் இரண்டும் கலந்து காணப்படும். எருமைப்பாலும் வெள்ளாட்டுப்பாலும் இந்தக் கணக்கில் ஏ-2 தன்மையுடையனவே. ஆயினும் அந்தப் பெயரைச் சொல்லி விலை கூட்டுவது பெரும்பாலும் பசும்பாலுக்கே என்பது கவனிக்கத்தக்கது.

ஏ-1 புரதம் செரிக்கும்போது ஏழு அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டு எளிதில் பிரிகின்றது. அதுவே நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் காரணமாகலாம் என்று சிலர் கருதினர். இக்கருத்தைப் பின்பற்றி நியூஜிலாந்தில் 2000-ஆம் ஆண்டில் ஒரு நிறுவனமே தோன்றி ஏ-2 பாலை உலகெங்கும் விற்கலாயிற்று. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் கிடைத்த சான்றுகளையெல்லாம் ஆராய்ந்து, அத்துண்டுக்கும் அந்நோய்களுக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று அறிவித்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டு 21-ஆம் நாள், ஏ-1, ஏ-2 என்னும் விளம்பரங்களைப் பெட்டிகளிலிருந்து நீக்க வேண்டும் என்று ஆணையிட்டது; ஐந்தே நாளில் அவ்வாணையைத் திரும்பப் பெற்றது. ஏ-2 பாலைக் குடித்தவர்க்கு வயிற்றுத் தொல்லை குறைந்தது என்று கூறும் சிறிய ஆய்வுகள் சில உண்டு. அதற்குமேல் எதையும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அயல்நாட்டில் வாழும் குடும்பங்கள் இங்கே ஒரு வேறுபாட்டை மறவாமல் இருத்தல் வேண்டும். பால் குடித்தால் வயிறு பொருமுகின்றது என்போர் பலருக்கும் குறை கேசீனில் இல்லை. லாக்டோஸைப் பிளக்கும் லாக்டேஸ் நொதி வயதாக ஆகக் குடலில் குறைந்துவிட்டதே காரணம். வளர்ந்த பின்னும் அந்நொதி நீடிக்கும் மரபு வடமேற்கு இந்தியாவில் மிகுதி, தெற்கில் குறைவு என்று 2012-இல் வெளியான மரபாய்வு காட்டியது. ஐரோப்பியரிடம் உள்ள அதே மரபணு மாற்றமே இந்தியரிடமும் இருந்தது. ஏ-2 பெட்டியிலும் லாக்டோஸ் அதே அளவுதான். அத்தகையோர்க்குத் தயிரும் மோரும் ஏற்கும். அல்லது லாக்டோஸ் நீக்கிய பால் போதும். இன்னொன்று மிகவும் முக்கியமானது. பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஏ-2 பால் மாற்று ஆகவே ஆகாது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் ஒவ்வாமை ஏமாறுவதில்லை. ‘நாட்டுப் பசுவின் பால்தானே’ என்று கொடுத்துப் பார்ப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

அப்படியானால் பலமனேரில் காப்பதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்கலாம். பொன்னும் இல்லை, 67-ஆம் இடத்துப் புரோலீனும் அரிதன்று. காக்க வேண்டியது அப்பசுவின் உயிரணுவில் உள்ள சேர்க்கை முழுவதும். 58,000-க்கும் மேற்பட்ட மாடுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, மாட்டின் உயரத்தோடு தொடர்புடைய 163 மரபு மாற்றங்களைக் கண்டது. உயரம் ஒன்றுக்கே இத்தனை என்றால், வெயிலைத் தாங்குவதற்கும், உண்ணியை எதிர்ப்பதற்கும், காய்ந்த தட்டையைத் தின்று கன்று ஈனுவதற்கும் எத்தனை இருத்தல் வேண்டும்! அவை ஓரிடத்தில் கூடப் பல நூறு தலைமுறை ஆகியிருக்கும். கலைவதற்கு அத்தனை காலம் வேண்டுவதில்லை. புங்கனூர்ப் பசுவுக்கு ஜெர்சிக் காளையின் சினை ஊசி போட்டால் கன்றில் பாதி. அக்கன்றுக்கும் அதுவே என்றால் கால். ஐந்தாம் தலைமுறையில் முப்பத்திரண்டில் ஒரு பங்கே எஞ்சும்.

ஒன்று மட்டும் குறையாமல் நிற்கும். உயிரணுவில் ஆற்றலை ஆக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு உட்கருவைச் சாராத சொந்த டி.என்.ஏ. உண்டு, மாட்டில் அதன் நீளம் 16,338 எழுத்து. அது தாயிடமிருந்தே வருவது. தந்தைக்கு அதில் பங்கில்லை. எனவே எத்தனை தலைமுறை அயல் காளையோடு கலந்தாலும், அந்தப் பால்பண்ணைப் பசுவின் ஒவ்வோர் உயிரணுவிலும் மூத்த புங்கனூர்த் தாயின் மைட்டோகாண்ட்ரியா அப்படியே இருக்கும். சிந்துவெளிப் பக்கத்தில் ஏறக்குறைய எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பழக்கப்பட்ட திமில் மாடுகளின் வழியை அறிஞர்கள் ஆராய்வதற்கு இந்தத் தாய்வழிச் சீட்டும் உதவியது.

சிறு மந்தையைக் காப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. நூறு பசுக்களும் இரண்டே காளைகளும் உள்ள மந்தை, மரபுக் கணக்கில் ஏறக்குறைய எட்டு மாடுகள் உள்ள மந்தைக்கே சமம். எல்லாக் கன்றும் இருவரின் மக்கள் அல்லவா? நெருங்கிய உறவில் கலப்பு நேர, மறைந்திருந்த குறைபாடுகள் இரு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்து வெளிப்படும். சினை தங்காது, கன்று நோஞ்சானாகும். எனவே நிலையங்கள் செய்ய வேண்டுவது வெறும் பெருக்கம் அன்று. பல்வேறு வழிவந்த பொலிகாளைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். விந்தைச் சேமிக்க வேண்டும். கிளிசரால் சேர்த்தால் விந்தணு உறைபனியில் சிதையாது என்பது 1949-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. அதன் பயனாக இன்று திரவ நைட்ரஜனில், சுழிக்குக் கீழ் 196 பாகையில், ஒரு காளையின் மரபைப் பல பத்தாண்டு வைத்திருக்கலாம். ஏழு நாள் வயதுள்ள கருவை எடுத்து வேறினப் பசுவின் கருப்பையில் வைத்தும் தூய கன்றைப் பெறலாம். வாடகைத் தாயின் மரபு அதில் துளியும் கலவாது. மைட்டோகாண்ட்ரியாவும் கூடக் கருவின் சொந்தத் தாயுடையதே.

கேரளத்து வெச்சூர்ப் பசுவும் இவ்வாறே அழியும் விளிம்புக்குச் சென்றது. 1989-இல் மண்ணுத்தியில் பேராசிரியை சோசம்மா ஐப்பும் அவர்தம் மாணவர்களும் ஊர் ஊராக அலைந்து எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்தனர், அவ்வினம் பிழைத்தது. 2022-இல் அவ்வம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

புங்கனூருக்கு இன்று வந்திருக்கும் இடர் வேறு விதமானது. நகரத்துச் செல்வர்கள் மாடியில் கட்டி வளர்க்க மேலும் மேலும் குள்ளமான மாடுகளைக் கேட்கின்றனர். சில லட்சம் விலையும் கொடுக்கின்றனர். குள்ளம் ஒன்றையே நோக்கிப் பொறுக்கினால் ஏரும் பாலும் உறுதியும் பின்தங்கும். உறவுக் கலப்பும் மிகும். விடுமுறைக்கு ஊர் சென்று, கிராமத்து வீட்டில் ஒரு புங்கனூர்க் கிடாரி கட்டலாம் என்று எண்ணும் அன்பர்கள் அதன் உயரத்தை அளப்பதற்கு முன், தாய் தந்தை எவை, தந்தையின் தந்தை எந்த மந்தை என்று விற்பவரைக் கேட்கட்டும். பதில் சொல்ல இயலாதவரிடம் வாங்குவது புங்கனூர்ப் பசுவா, வேறு ஏதோ ஒரு குள்ள மாடா என்பது பார்வையால் தெரியாது, டி.என்.ஏ.யைப் பரிசோதித்தால்தான் தெரியும்.